பெரணியின் வயது

பெரணிகள் டைனோசர்களுக்கு முந்தைய உலகின் எச்சங்கள் என்றும், பூக்கும் தாவரங்கள் நிலமெங்கும் பரவியபின் ஈரமான மலைச்சரிவுகளுக்கும் பாறை இடுக்குகளுக்கும் ஒதுங்கிப்போனவை என்றும் ஒரு கருத்து நெடுங்காலமாக நிலைத்திருக்கிறது. பாசிகளில் தொடங்கி, பிரையோஃபைட்டுகள், பெரணிகள், ஜிம்னோஸ்பெர்ம்கள் எனப் படிப்படியாக உயர்ந்து பூக்கும் தாவரங்களில் முடியும் ஓர் ஏணியாகவே தாவர உலகம் பல தலைமுறை மாணவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. அந்த ஏணியில் பெரணிக்குக் கிடைத்தது, மேலே செல்லும் வழியில் கடக்கப்பட்டுவிட்ட ஒரு நடுப்படி. கடந்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்துவரும் மரபணுச் சான்றுகள் இந்தச் சித்திரத்தின் பெரும்பகுதியை மாற்றிவிட்டன. பெரணிகளின் வகைப்பாடு திருத்தப்பட்டது அம்மாற்றத்தின் ஒரு பகுதி; எளிய உடலமைப்பு கொண்ட உயிரை மூத்த உயிராக எண்ணிவிடும் பழக்கம் கேள்விக்கு உள்ளானது அதனினும் பெரிய பகுதி.

பெரணியின் வாழ்க்கை இரண்டு உடல்களில் நடக்கிறது. இலைகளோடு கண்ணுக்குத் தெரியும் செடி வித்தகத் தாவரம் எனப்படும். அதன் இலைகளின் அடிப்புறத்தில் பழுப்புநிறப் புள்ளிகளாகவோ கோடுகளாகவோ தெரிபவை, ஸ்போர்கள் என்னும் நுண்துகள்களை உருவாக்கும் வித்தகங்களின் கூட்டங்கள். தாவரவியலார் அக்கூட்டத்தை சோரஸ் என்பர். ஈரமண்ணில் விழுந்த ஸ்போரிலிருந்து மற்றொரு பெரணிச் செடி நேராக முளைத்துவிடுவதில்லை. விரல்நகத்தைவிடச் சிறிய, பெரும்பாலும் இதய வடிவம் கொண்ட, வேரும் தண்டும் இல்லாத ஒரு பசிய தகடுதான் முதலில் தோன்றுகிறது. கேமீட்டகத் தாவரம் எனப்படும் இத்தகட்டிலேயே ஆண், பெண் இனச்செல்கள் உருவாகின்றன. மெல்லிய நீர்ப்படலத்தில் நீந்திச் செல்லும் ஆண் செல் முட்டையை அடைந்து கருவுறச் செய்தபின்னரே புதிய இலைச்செடி எழுகிறது. நிலத்தாவரங்கள் அனைத்துக்கும் இத்தலைமுறை மாற்றமே அடிப்படை என்பதை ஜெர்மானியத் தாவரவியலர் வில்ஹெல்ம் ஹோப்மைஸ்டர் 1851இல் வெளியிட்ட நூல் தெளிவுபடுத்தியது. விதைத் தாவரங்களில் கேமீட்டகத் தாவரம் மகரந்தத் துகளுக்குள்ளும் சூலுக்குள்ளும் சுருங்கிவிட்டது. பெரணிகளிலோ அது தனித்து வாழ்கிறது, அரிதாக இலைச்செடியின் துணையே இல்லாமலும் வாழ்ந்துவிடுகிறது. வட அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதிப் பாறைக் குடைவுகளில் படர்ந்திருக்கும் விட்டேரியா அப்பலாச்சியானா என்னும் பெரணியின் முதிர்ந்த இலைச்செடி இயற்கையில் காணப்பட்டதில்லை. சோரஸ் இல்லை, இலை இல்லை என்ற நிலையில் அது வெப்பமண்டல விட்டேரியாக்களின் உறவு என்பதைக் காட்ட மூலக்கூறுச் சான்றுகள் தேவைப்பட்டன.

மரபணு வாசிக்கப்படாத காலத்தில் வகைப்பாட்டின் சுமை முழுவதையும் தாங்கியது சோரஸ்தான். லின்னேயஸ் 1753இல் பூவில்லாத் தாவரங்கள் அனைத்தையும் தம் வகைப்பாட்டின் 24ஆம் வகுப்பில் சேர்த்து, பெரணிப் பேரினங்களை அவற்றின் வித்தகக் கூட்டங்கள் இலையில் அமைந்திருக்கும் இடத்தையும் வடிவத்தையும் கொண்டு பிரித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கியூ தாவரவியல் பூங்காவின் வில்லியம் ஹூக்கர் அதே வழியில் உலகப் பெரணிகளைத் தொகுத்தார். சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம் 1860களில் சென்னையிலிருந்து வெளியிட்ட தென்னிந்தியப் பெரணிகள் பற்றிய படநூலும் அந்த மரபில் வந்ததே. சோரஸ் வட்டமாக இருந்து, அதை மூடும் மெல்லிய சவ்வும் இல்லையென்றால் அச்செடி பாலிபோடியம் என்ற பேரினத்தில் வைக்கப்பட்டது. இதனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நூற்றுக்கணக்கான பெரணிகள் அந்த ஒரே பெயருக்குள் வந்து குவிந்தன. சவ்வு தேய்ந்து மறைவது பல கால்வழிகளில் தனித்தனியாக நடந்திருக்கக்கூடும் என்பதை இருபதாம் நூற்றாண்டின் பெரணியியலார் நன்றாகவே உணர்ந்திருந்தனர். சீனாவின் சிங் ரென்-சாங் 1940இல் பாலிபோடியேசி என்னும் பெருங்குடும்பத்தை 33 குடும்பங்களாகப் பிரித்தார். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் நெடுங்காலம் பணியாற்றிய ரிச்சர்ட் ஹோல்ட்டம் 1947இல் வேறொரு முறையை முன்வைத்தார். இருவரும் உலர்தாவரத் தாள்களின்மீது வாழ்நாள் முழுவதும் குனிந்திருந்த பேரறிஞர்கள். ஆயினும் எந்தப் பண்புக்கு எவ்வளவு எடை தருவது என்பதை அவரவர் பயிற்சியும் உள்ளுணர்வுமே தீர்மானித்தன, இரு முறைகளுள் எது சரி என்று முடிவுசெய்யப் புறச்சான்று எதுவும் இல்லை.

அத்தகைய புறச்சான்றுகளுள் மிகத் தெளிவான ஒன்று 1992இல் வெளிவந்தது. தாவரச் செல்லில் ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்துக்கென்று தனியே ஒரு சிறு டிஎன்ஏ வளையம் உண்டு. அதில் ஏறத்தாழ 1,50,000 எழுத்துகள் இருக்கும். லிண்டா ராபெசன், ராபர்ட் ஜான்சன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள், அந்த வளையத்தில் ஏறத்தாழ 30,000 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதி விதைத் தாவரங்களிலும் பெரணிகளிலும் குதிரைவால் எனப்படும் ஈக்விசிட்டத்திலும் சைலோட்டத்திலும் தலைகீழாகத் திரும்பியிருப்பதையும், லைக்கோபோடியம், செலாஜினெல்லா, ஐசோயிட்டிஸ் ஆகிய மூன்றிலும் மட்டும் அது பிரையோஃபைட்டுகளில் உள்ளவாறே பழைய வரிசையில் இருப்பதையும் காட்டினர். ஓர் ஏட்டுச்சுவடியில் இருபது ஏடுகள் வரிசை புரண்டு கோக்கப்பட்டுவிட்டால், அதைப் பார்த்துப் படியெடுத்த சுவடிகளெல்லாம் அதே புரட்டலைச் சுமந்திருக்கும். புரளாத சுவடிகள் அந்தப் பிழைக்கு முன்பே பிரிந்த வழியைச் சேர்ந்தவை என்று பதிப்பாசிரியர் தயங்காமல் முடிவுசெய்வார். பசுங்கணிகத்தின் இப்புரட்டலும் அத்தகையதே. அவ்வளவு நீண்ட பகுதி அதே இரண்டு இடங்களில் வெட்டுண்டு திரும்புவது இருமுறை தனித்தனியாக நிகழ்ந்திருக்கும் என்று நம்புவது கடினம்.

இதன் விளைவு பாடநூல்களின் அடிப்படையையே தொட்டது. பெரணிகளையும், பெரணிகளின் துணைவகைகள் என்று அழைக்கப்பட்ட லைக்கோபோடியம் முதலியவற்றையும் டெரிடோஃபைட்டுகள் என்ற ஒரே பெயரால் கட்டிவைத்தது விதையின்மை ஒன்றே. லைக்கோபோடியக் கால்வழி மற்ற குழாய்த்திசுத் தாவரங்களிலிருந்து 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டது. அதன்பின் பிரிந்தவைதாம் பெரணிகளும் விதைத் தாவரங்களும். அதாவது, பாறைமேல் படர்ந்திருக்கும் செலாஜினெல்லாவைவிட அதன் பக்கத்தில் நிற்கும் மாமரமே பெரணிக்கு நெருங்கிய உறவு. இல்லாத ஒன்றைக் கொண்டு குழு அமைப்பது வகைப்பாட்டில் எப்போதும் ஆபத்தானது. டெரிடோஃபைட்டு என்ற சொல் வசதிக்காகத் தொடரலாமே தவிர, அதை ஒரு குலத்தின் பெயராக இனிக் கருத இயலாது.

எனினும் எல்லாவற்றிலும் ஆழமாகச் சிந்திக்க வைப்பது சைலோட்டத்தின் கதை. வெப்பமண்டல நாடுகளில் மரப்பட்டைகளிலும் பாறைப் பிளவுகளிலும் வளரும் இச்செடிக்கு வேர் இல்லை, இலை என்று சொல்லத்தக்கதும் இல்லை; இரண்டிரண்டாகக் கிளைத்துக்கொண்டே செல்லும் பச்சைக் குச்சிகளும், அவற்றில் சிறு செதில்களும், மூன்று மூன்றாக ஒட்டிய மஞ்சள்நிற வித்தகங்களும் மட்டுமே உண்டு. கனடாவின் காஸ்பே பகுதிப் பாறைகளில் கிடைத்த டெவோனியக் காலத் தொல்லுயிர்த் தாவரத்துக்கு ஜான் வில்லியம் டாசன் 1859இல் சைலோஃபைட்டான் என்று பெயரிட்டது சைலோட்டத்தை மனத்தில் வைத்தே. பின்னர் ஸ்காட்லாந்தின் ரைனி என்னும் ஊரில், 40 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட பாறையில், வேரும் இலையும் இன்றி இரண்டிரண்டாகக் கிளைத்த தாவரங்கள் செல்லமைப்புக்கூடச் சிதையாமல் கிடைத்தன. கிட்ஸ்டனும் லாங்கும் 1917 முதல் அவற்றை விளக்கி எழுதியபோது, உயிரோடிருக்கும் சைலோட்டத்தில் நிலத்தாவரங்களின் மூதாதையையே காண்பதாகத் தாவரவியல் உலகம் நம்பியது. அந்த நம்பிக்கையில் வியப்பில்லை. படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். இடைப்பட்ட முப்பது நாற்பது கோடி ஆண்டுகளில் இவ்விரண்டையும் இணைக்கும் தொல்லுயிர் எச்சம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்ற குறைபாடு, எச்சங்கள் கிடைப்பதே அரிது என்ற சமாதானத்தால் கடக்கப்பட்டது. 1960களின் பிற்பகுதியில் டேவிட் பியர்ஹார்ஸ்ட் என்ற அமெரிக்கத் தாவரவியலர், சைலோட்டம் உண்மையில் ஒரு பெரணி என்றும், நியூ கலிடோனியாவில் வளரும் ஸ்ட்ரொமட்டோப்டெரிஸ் போன்ற பெரணிகளோடு அதற்கு உறவு உண்டு என்றும் வாதிட்டார். அந்த வாதத்தைப் பலர் ஏற்கவில்லை.

கேத்லீன் பிரையரும் அவருடைய குழுவினரும் மூன்று பசுங்கணிக மரபணுக்களையும் ஓர் உட்கரு மரபணுவையும் உடலமைப்புப் பண்புகளோடு சேர்த்து ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட முடிவில், சைலோட்டம் பெரணிகளுக்குள்ளேயே இடம்பெற்றது. ஆனால் அதன் நெருங்கிய உறவாக வந்து நின்றது பியர்ஹார்ஸ்ட் சொன்ன பெரணி அன்று, ஓபியோகிளாசம் என்னும் சிறு நிலப்பெரணி. பெரணி என்ற அளவில் அவர் சொன்னது சரியாக இருந்தது. ஓபியோகிளாசத்துக்குப் பெரும்பாலும் ஒற்றை இலை, அதிலிருந்து எழும் ஒரு வித்தகக் கதிர். பார்வைக்குச் சைலோட்டத்தோடு எந்த ஒற்றுமையும் இல்லை. ஆனால் மரபணு இவ்வுறவைக் காட்டியபின் திரும்பிப் பார்த்தால், இரண்டின் கேமீட்டகத் தாவரங்களும் பச்சையம் இன்றி மண்ணுக்கடியில் பூஞ்சைகளின் துணையால் வாழ்பவை என்பதும், ஓபியோகிளாசத்தின் வேரில் வேர்த்தூவிகளே இல்லை என்பதும் புதிய பொருள் பெறுகின்றன. பூஞ்சையைச் சார்ந்து வாழ்ந்த ஒரு கால்வழியில் வேரின் தேவை குறைந்துகொண்டே வந்து, சைலோட்டத்தில் அது முற்றாக மறைந்தது என்று கருத இடமுண்டு. இவ்வாறு பார்க்கையில் சைலோட்டத்தின் எளிமை தொடக்கத்தின் எளிமை அன்று. வேரும் பெரிய இலையும் கொண்டிருந்த மூதாதையரிடமிருந்து வந்து, அவற்றை ஒவ்வொன்றாக இழந்ததால் வந்த எளிமை. ரைனியின் தாவரங்கள் இன்னும் அடையாத இடத்தில் நின்றன, சைலோட்டமோ அடைந்து கடந்து வந்து நிற்கிறது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகின்றன. வடிவ ஒற்றுமையை மட்டுமே நம்பிய அறிவியலின் எல்லையை இதைவிடக் கூர்மையாகக் காட்டும் எடுத்துக்காட்டு தாவர உலகில் அரிது.

குதிரைவாலும் அதே ஆய்வில் பெரணிகளின் குலத்துக்குள் வந்தது. கார்போனிஃபெரஸ் காலச் சதுப்புகளில் மரமாக ஓங்கி, இன்றைய நிலக்கரியில் தன் பங்கை விட்டுச்சென்ற கால்வழியின் கடைசிப் பேரினம் அது. பெரணிகளுக்குள் அதன் இடம் எது என்பதில் மட்டும் சான்றுகள் இன்னும் ஒருங்கே பேசவில்லை: பசுங்கணிக மரபணுக்களைக் கொண்ட ஆய்வுகள் பலவும் அதைச் சைலோட்டம், ஓபியோகிளாசம் ஆகியவற்றின் அருகில் வைக்க, உட்கரு மரபணுக்களைக் கொண்டவை பெரணிகள் அனைத்திலிருந்தும் முதலில் பிரிந்த கிளையாக அதைக் காட்டுகின்றன. நீர்ப்பெரணிகளின் சிக்கலோ எளிதாகவே தீர்ந்தது. கீரையாகச் சமைக்கப்படும் ஆரை, வயலில் தழையுரமாகப் பயன்படும் அசோலா, குளங்களை மூடிவிடும் சால்வீனியா ஆகியவை ஒன்றையொன்று ஒத்திராதவை, வழக்கமான பெரணியையும் ஒத்திராதவை. சிறிய ஸ்போர், பெரிய ஸ்போர் என இருவகை உருவாக்குவதால் தனித்தும் வைக்கப்பட்டவை. மரபணு அவற்றை ஒரே மூதாதையின் வழிவந்தவையாக, சாதாரணப் பெரணிகளின் நடுவே கொண்டுவந்து சேர்த்தது. இளம் ஆரையிலை பெரணியிலையைப் போலவே நுனி சுருண்டு எழுவதை வயல்வரப்பில் குனிந்து பார்ப்பவர் எவரும் காணலாம்.

கிளைகளின் வரிசை தெரிந்தபின் எழும் கேள்வி வயது. டிஎன்ஏவில் மாற்றங்கள் காலப்போக்கில் சேர்கின்றன. வயது தெரிந்த தொல்லுயிர் எச்சங்களைக் கொண்டு அம்மாற்றங்களின் வேகத்தைக் கணித்துவிட்டால், எச்சம் கிடைக்காத கிளைப்பிரிவுகளுக்கும் காலம் குறிக்க இயலும். இம்முறையில் ஹரால்ட் ஷ்னைடரும் குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, இன்று வாழும் பெரணிச் சிற்றினங்களுள் 80 விழுக்காட்டுக்கும் மேலானவை அடங்கும் பாலிபாட் கூட்டம், ஏறத்தாழ 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகள் வரை நீண்ட கிரெட்டேசியக் காலத்தில், அதுவும் பூக்கும் தாவரங்கள் பல்கியபின்னர், பல்கியது என்று காட்டியது. பூக்கும் மரங்கள் பெரணிகளை விரட்டிவிட்டன என்ற பழைய கதை இங்கே தலைகீழாகிறது. அம்மரங்கள் எழுப்பிய காடு, நிழலையும் ஈரத்தையும் பட்டைகளையும் கிளைக்கவட்டைகளையும் கொண்ட புதிய வாழிடமாக அமைந்தது. மரத்தொற்றுப் பெரணிகள் அங்கே ஏறி மேலும் பல்கியது அதற்கும் பிந்தைய காலத்தில் என்று 2009இல் ஷூட்பெல்ஸும் பிரையரும் காட்டினர். குலம் பழையது என்பது உண்மை. ஆனால் இன்று மலைக்காட்டில் காணப்படும் பெரணிகளுள் பெரும்பாலானவை டைனோசர் காலத்தைக் கடந்து மாறாமல் வந்த எச்சங்கள் அல்ல. பூக்கும் தாவரங்களின் உலகிலேயே உருவானவை.

நிழலில் வாழும் திறனுக்குத் துணைபுரிந்திருக்கக்கூடிய ஒரு மரபணுவின் வரலாறு இன்னும் விந்தையானது. தாவரங்கள் சிவப்பொளியை உணர ஒரு புரதத்தையும் நீல ஒளியை உணர வேறொரு புரதத்தையும் பயன்படுத்துகின்றன. பெரணிகள் பலவற்றில் இவ்விரண்டும் ஒன்றாக இணைந்த நியோகுரோம் என்ற புரதம் உண்டு, மங்கிய ஒளியிலும் ஒளியை நோக்கி வளைய அது உதவுகிறது. ஃபே-வெய் லீயும் குழுவினரும் 2014இல் காட்டியபடி, இம்மரபணு பெரணிகளுக்குள் தோன்றியதன்று. ஆந்தோசெராஸ் முதலான பிரையோஃபைட்டுகளின் கால்வழியில் தோன்றி, ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரணிகளுக்குத் தாவியது. தாய்-மகவு வழியாக அன்றி உயிரிலிருந்து உயிருக்கு மரபணு நேரே செல்லும் இத்தகைய கிடைவழிக் கடத்தலுக்குப் பெரணிகளில் வேறு சான்றும் உண்டு. லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தார் டெக்டேரியா என்னும் பெரணியிலிருந்து வெள்ளை ஈக்களைக் கொல்லும் ஒரு புரதத்தைப் பிரித்து, அதைப் பருத்தியில் செலுத்திய ஆய்வை 2016இல் வெளியிட்டனர். 2018இல் அசோலா, சால்வீனியா ஆகியவற்றின் முழு மரபுத்தொகுதிகள் வாசிக்கப்பட்டபோது, அதே வகை மரபணு சால்வீனியாவிலும் இருப்பதும், அது பாக்டீரியாவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பதும் தெரியவந்தன.

முதலில் வாசிக்க அவ்விரண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் அவற்றின் மரபுத்தொகுதி சிறியது என்பதே. பெரணிகளில் அது விதிவிலக்கு. லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஐரீன் மான்டன் 1950இல் வெளியிட்ட நூலில், இரு சிற்றினங்கள் கலந்து, பின் குரோமோசோம் தொகுதி இரட்டித்து, புதிய சிற்றினம் உருவாவது பெரணிகளில் எவ்வளவு பரவலானது என்பதைக் காட்டினார். ஸ்லெட்ஜுடன் சேர்ந்து இலங்கைப் பெரணிகளின் குரோமோசோம்களை எண்ணி 1954இல் வெளியிட்ட ஆய்வு, வெப்பமண்டலத்திலும் அதுவே வழக்கம் என்று உணர்த்தியது. அதே 1954இல் கேரளத்தின் ஆபிரகாமும் நினனும் ஓபியோகிளாசம் ரெட்டிகுலேட்டத்தில் 1,260 குரோமோசோம்களை எண்ணினர். பிற்காலத்தில் அச்சிற்றினத்தில் 1,440 வரை எண்ணப்பட்டுள்ளது. மனிதச் செல்லில் 46. சைலோட்டத்தின் உடன்பிறப்பான மெசிப்டெரிஸ் பேரினத்தில், நியூ கலிடோனியாவில் வளரும் ஒரு சிற்றினத்தின் மரபுத்தொகுதி 16,000 கோடி எழுத்துகள் கொண்டது, அதாவது மனிதருடையதைப்போல் 50 மடங்கு என்று 2024இல் அறிவிக்கப்பட்டது. இதுவரை அளக்கப்பட்ட உயிர்களுள் மிகப் பெரிய மரபுத்தொகுதி அதுவே. உடலால் மிக எளியதென்று கருதப்பட்ட குடும்பத்தில் அது இருப்பது கவனிக்கத்தக்கது. கலப்பால் பிறந்த சிற்றினத்துக்கு இரண்டு பெற்றோர் உண்டு. பசுங்கணிகமோ பெரணிகளில் தாய்வழியாகவே பொதுவாக வருவதால், அதன் மரபணுக்களைக் கொண்டு வரைந்த கிளைப்படம் பாதி வரலாற்றையே சொல்லும். இதனாலேயே அண்மை ஆய்வுகள் உட்கரு மரபணுக்களின் பக்கம் திரும்பியுள்ளன.

கிளைப்படத்தைப் பெயர்களாக மாற்றும் பணியை உலகெங்குமுள்ள பெரணியியலார் கூட்டாக மேற்கொண்டு 2016இல் வெளியிட்ட வகைப்பாடு, பெரணிகளையும் லைக்கோபோடியக் கால்வழியையும் இரு வகுப்புகளாக்கி, 14 துறைகள், 51 குடும்பங்கள், 337 பேரினங்கள், ஏறத்தாழ 12,000 சிற்றினங்கள் என வகுத்தது. நீலகிரியிலும் இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியிலும் சையாத்தியா என்றே அறியப்பட்டிருந்த மரப்பெரணிகள் சில இதன்படி அல்சோபிலா ஆகின்றன. சையாத்தியா என்ற பெயர் பெரும்பாலும் அமெரிக்க நிலப்பகுதி மரப்பெரணிகளுக்கு உரியதாகிறது. அதே கிளைப்படத்தை வைத்துக்கொண்டே, குடும்பங்களும் பேரினங்களும் இவ்வளவு வேண்டாம், சிறியவற்றைச் சேர்த்துப் பெரிதாக்கலாம் என்று கிறிஸ்டன்ஹஸ், சேஸ் போன்றோர் வாதிடுகின்றனர். இவ்விவாதத்தில் மரபணு எத்தரப்புக்கும் தீர்ப்பு வழங்காது: எது எதிலிருந்து எப்போது பிரிந்தது என்பதை அது சொல்லும், பிரிவில் எங்கே கோடு கிழித்துக் குடும்பம் என்று அழைப்பது என்பதை மனிதரே முடிவுசெய்ய வேண்டும். சிங், ஹோல்ட்டம் ஆகியோரின் காலத்து உள்ளுணர்வுக்கு இந்த ஓரிடத்தில் இன்னும் வேலை இருக்கிறது.

2022 முதல், பொதுத் தரவுத்தளங்களில் சேரும் டிஎன்ஏ வரிசைகளைத் தொகுத்துத் தொடர்ந்து புதுப்பிக்கப்படும் பெரணிக் கிளைப்படம் ஒன்று எவரும் பயன்படுத்தும் வகையில் திறந்து வைக்கப்பட்டுள்ளது. வெளியானபோது அதில் இடம்பெற்றிருந்தவை அறியப்பட்ட சிற்றினங்களுள் ஏறத்தாழ பாதி. எஞ்சியவற்றின் இடம் இன்னும் சோரஸையும் இலையையும் பார்த்தே குறிக்கப்படுகிறது.